இருபத்தேழாம் எண்

அவரைக் கடையில் எல்லோரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் முன்பக்கம் நின்று ஃப்ரேம் விற்பவன். அவர் பின்னறையில் லென்ஸ் அறுப்பவர். பதினாறு வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சின்ன சன்னல்தான். பவர் எழுதிய சீட்டை நான் உள்ளே நீட்டுவேன். அறுத்த லென்ஸை அவர் வெளியே நீட்டுவார்.

பெட்டியக்கா என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. யாராவது பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அக்கா அங்கே நிற்பார். அந்தக் கனமான பெட்டியைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் போல ஒரு கையால் அணைத்தபடி வருவார். ஒரு கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டிருக்கிறார். வீட்டின் பின்பக்க அறையில் பலகைகள் அடித்து அவற்றை அடுக்கி வைத்திருந்தார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர், வாய்த்துடுக்குக்காரர். "சக்களத்திக்கு ஆண்பால் என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா என் வீட்டுல அந்த மாதிரி பதினோரு பேர் இருக்காங்க" என்பார்.

பதினோரு பெட்டிகளும் ஓடும். அதுதான் அக்காவின் பெருமை. எழுத்துகள் பச்சையாக ஒளிரும் திரைகள், தட்டினால் தட்டச்சு இயந்திரம்போல் சத்தம் போடும் கீபோர்டுகள், கையகலம் இருக்கும் ஃப்ளாப்பிகள். எங்கேயும் போய்ப் படித்ததில்லை. கெட்டுப்போனதைத் திறந்து பார்த்து, திறந்ததை மூடத் தெரியாமல் விழித்து, பிறகு மூடக் கற்றுக்கொண்டவர்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கியதே இல்லை. லென்ஸுக்கான கணக்குகளை, எந்தப் பவருக்கு எவ்வளவு வளைவு, அச்சை எத்தனை டிகிரி திருப்புவது என்பதையெல்லாம், தாளே இல்லாமல் மனத்திலேயே போட்டுவிடுவார். அதே சமயம், கடையில் சரக்குக் கணக்கு எடுக்கும் நாள் வந்தால் பயந்து ஒதுங்கிக்கொள்வார். "எனக்குக் கணக்கு வராதுப்பா. நான் ஸ்கூல்ல கணக்குல ஃபெயிலு. நீயே பாரு" என்று சீட்டுகளை என் பக்கம் தள்ளிவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது.

ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்காரர் அவருக்குப் போன் செய்தார். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சாமான் அறையைக் காலி செய்கிறார்கள், தொந்தி வைத்த மானிட்டரோடு ஒரு பெட்டி வந்திருக்கிறது என்றார். மறுநாள் காலையில் அக்கா சன்னலுக்குள் தலையை நுழைத்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"எங்க ஸ்கூல் கம்ப்யூட்டருப்பா! அந்தக் காலத்துல ஒரே ஒரு பெட்டிதான் வாங்கினாங்க. ஏசி ரூம்ல வெச்சு, செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்னு சொல்லுவாங்க. நாங்க கண்ணாடி சன்னல் வழியா எட்டிப் பாத்ததோட சரி. தொடக்கூட விடல. இப்போ அது என் வீட்டுல இருக்கு!"

அந்தப் பெட்டிக்காக இரண்டு வாரம் உழைத்தார். உள்ளே இருந்த சின்ன பேட்டரி கசிந்து மதர்போர்டில் பச்சையாகப் பூத்திருந்தது. வினிகர் தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். உப்பிப்போயிருந்த மின்தேக்கிகளைக் கழற்றி வேறு வைத்தார். ரேமின் முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்தார். எல்லாம் சரியான பிறகும் ஹார்டு டிஸ்க் மட்டும் சுற்ற மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட் ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்லியிருந்தார் என்பதால் நான் அன்று அவர் வீட்டில் இருந்தேன். அக்கா ஹார்டு டிஸ்க்கை முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடாக்கிக்கொண்டிருந்தார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல வெடுக்கென்று ஒரு திருப்பு. மின்சாரம் கொடுத்தார். முதலில் ஒரு முனகல். அப்புறம் மெல்ல மெல்ல ஏறிய ரீங்காரம். பீப் என்று ஒரே ஒரு சத்தம்.

"வந்துட்டான்!" என்று அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

திரையில் எட்டெழுத்துக்குள் அடங்கிய கோப்புப் பெயர்கள் வரிசையாக இறங்கின. சுற்றறிக்கைகள், விளையாட்டு விழா அழைப்பு, ஆசிரியர்களின் விடுப்புப் பட்டியல். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் படித்த வருடத்தின் இறுதி வகுப்பு மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. இறுதிப் பரீட்சையையும் பள்ளியே வைத்து, திருத்தி, சான்றிதழ் கொடுக்கும் பள்ளி அது. அங்கே கம்ப்யூட்டரில் மதிப்பெண் அச்சடித்தது அந்த வருடம்தான் முதல் தடவை.

"பாரு, என் மானம் எப்படிக் கப்பல் ஏறுதுன்னு" என்று சொல்லிக்கொண்டே திறந்தார். நாற்பத்தொரு பேர். அக்கா இருபத்தேழாம் எண். கணக்கில் இருபத்திரண்டு மதிப்பெண். முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி.

மூடப் போனவர் நின்றார். "கடைசி ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கா இருக்கே" என்றார். நாற்பதாம் எண்ணுக்கும் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கும் அறுபத்தாறு. நாற்பத்தொன்றின் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி.

"இவன் ரிசல்ட் வந்த அன்னைக்கு ஸ்கூல்ல பெரிய ரகளை பண்ணான். பரீட்சை எழுதினவனைப் போய் ஆப்சென்ட்டுன்னு போட்டுட்டாங்கன்னு. அப்புறம் இவன் பேப்பரைத் தேடி எடுத்து மார்க் போட்டாங்க. அதுதான் இந்த நட்சத்திரம்" என்றார்.

அதே இடத்தில் மூன்று நாள் முந்தைய தேதியில் இன்னொரு கோப்பு இருந்தது. கணக்கு ஆசிரியர் விடைத்தாள்களைப் பார்த்து முதலில் ஏற்றிய பட்டியல். அக்கா அதைத் திறந்தார். இருபத்தைந்தாம் எண் வரை இரண்டிலும் ஒரே மதிப்பெண்கள். இருபத்தாறாம் எண்ணுக்கு எதிரே காலியாக இருந்தது. இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே எண்பத்துநான்கு.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"நீ படிப்பா. இருபத்தேழுக்கு நேரா என்ன இருக்கு?"

"எண்பத்துநாலுக்கா."

"இருபத்தெட்டுக்கு?"

"இருபத்திரண்டு."

அடுத்த பட்டியலில் என்ன ஆகியிருந்தது என்று புரிய எனக்கே சிறிது நேரம் பிடித்தது. பரீட்சைக்கு வராத இருபத்தாறாம் எண்ணின் காலிக் கட்டத்தை யாரோ தெரியாமல் நீக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்த மதிப்பெண்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன. அக்காவின் எண்பத்துநான்கு பரீட்சைக்கே வராதவருக்குப் போனது. அடுத்த ஆளின் இருபத்திரண்டு அக்காவுக்கு வந்தது. இப்படியே கடைசி வரை. கடைசி எண் மட்டும் காலியாகி, அவன் வந்து கத்தி, அவனுடையதை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். மற்றவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவின் கணவர் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். "என்ன, புது மாப்பிள்ளை பேச ஆரம்பிச்சுட்டானா?"

"நான் பாஸுங்க" என்றார் அக்கா.

"எதுல?"

"கணக்குல. நான் எண்பத்துநாலு வாங்கியிருக்கேன்."

அவர் தட்டைக் கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டார். அக்கா அதைக் கவனிக்கக்கூட இல்லை. வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

எனக்கு அன்றுதான் முழுக்கதையும் தெரிந்தது. பள்ளியில் அக்கா கணக்கில் கெட்டிக்காரி. முடிவு வந்த அன்று, நன்றாகத்தான் எழுதினேன் என்று அழுதிருக்கிறார். விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறார். அப்பாவும் போய்விட்டு வந்து, "கேட்டேன், காட்ட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர் போட்ட மார்க்காம், தப்பே வராதாம்" என்றிருக்கிறார். அடுத்த மாதமே அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்க வந்துவிட்டார். பிறகு யாராவது கணக்கு என்றாலே, எனக்கு வராது என்று சொல்லப் பழகிக்கொண்டார். இருபத்தொன்பது வருடம்.

"அந்த இருபத்தாறு யாருக்கா?" என்று கேட்டேன்.

"நெட்டை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெட்டை என்பவர் அக்காவின் உயிர்த்தோழி. ஒரு கல்லூரியில் பேராசிரியை. அவர் எடுக்கும் பாடமே கணிதம்தான். கண்ணாடி மாற்ற வேண்டுமென்றால் எங்கள் கடைக்குத்தான் வருவார். அக்கா கையால்தான் அறுக்க வேண்டும் என்பார்.

"அவளுக்கு அப்போ டைஃபாய்டு. ஆஸ்பத்திரில கிடந்தா. மத்த பாடத்து மார்க்கைப் பாத்து சராசரி போட்டுக் குடுத்துட்டாங்கன்னு சொன்னா. நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் அக்கா. "பாவம், அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா துடிச்சுப் போயிடுவா."

மறுநாள் அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பின்னால் இருவருமே எனக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னதிலும் ஒரு வார்த்தை மாறவில்லை.

இரண்டு பட்டியல்களையும் அக்கா ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தார். நெட்டை அதை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"சராசரி எல்லாம் எதுவும் போடல. காலேஜ் சேரப் போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல போய்க் கேட்டேன். அப்படி ஒரு வழக்கமே இல்ல, நீ எழுதியிருப்பம்மா, காய்ச்சல்ல மறந்திருப்பன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அப்போ யாரோ ஒருத்தரோட மார்க்குன்னு தெரிஞ்சிருக்கு."

"யாரோ இல்ல." நெட்டை தலையைத் தூக்கவில்லை. "வெளிய வந்து படியில நின்னு யோசிச்சேன். எனக்கு அடுத்த நம்பர் நீ. எண்பத்துநாலு எடுக்கக்கூடியவ நீ. நீ போய் இருபத்திரண்டு எடுத்திருக்கன்னா... ஒரு நிமிஷம் கூட ஆகல எனக்கு, புரிஞ்சுபோச்சு."

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டதாம். எதிரே நெட்டையின் உதடு அசைவது மட்டும் தெரிந்ததாம். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்.

"அதுக்காகத்தான் அதுக்கப்புறமும் என்கூடப் பழகினியா?"

"முதல் வருஷம் அதுக்காகத்தான். உன்ன விட்டுட்டுப் போக பயமா இருந்துச்சு. அப்புறம் அப்படி இல்ல. சத்தியமா இல்ல."

அக்கா செருப்பைப் போட மறந்து தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்திருக்கிறார். நெட்டை பின்னாலேயே செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினாராம்.

அதன் பிறகு மூன்று வாரம் கடையில் சன்னல் வழியாக லென்ஸ் மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை. ஒரு நாள் வலது கண்ணுக்கு அறுக்க வேண்டியதை இடது கண்ணுக்கு அறுத்துவிட்டார். பதினாறு வருடத்தில் நான் பார்த்த முதல் தவறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாரோடது?" என்று என்னைக் கேட்டார்.

நான்காவது வாரம் நெட்டை கடைக்கே வந்தார். அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அக்கா வர மாட்டேன் என்றார். நெட்டை என் சன்னலில் குனிந்து உள்ளே பார்த்துப் பேசினார்.

"நான் அந்தப் பரீட்சையை எழுதலன்னு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஸ்கூலுக்கு ஒண்ணு, என் காலேஜுக்கு ஒண்ணு. காலேஜுக்குக் காலைலயே குடுத்துட்டேன். இப்போ ஸ்கூலுக்குப் போறேன். நீ வந்தா உன் லிஸ்டையும் காட்டலாம். வரலைன்னாலும் நான் போவேன்."

உள்ளே இயந்திரம் நின்றது. அக்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். "நீயும் வாப்பா. எனக்கு அங்க போய் வாய் வராது" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை எங்களைவிடச் சின்னவர். நெட்டையின் கடிதத்தை ஒரு முறை படித்தார். தண்ணீர் கொண்டு வரச் சொல்லிக் குடித்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"மேடம், நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியுதுங்களா?"

"நல்லாவே புரியுது."

"ஆனா இதை எதை வெச்சுங்க சரிபார்க்கிறது? அந்த வருஷத்துக் காகிதம் எதுவும் இல்ல, எல்லாம் கரையான் தின்னாச்சு. அப்போ இருந்த கம்ப்யூட்டரையும் போன மாசம்தான் பழைய இரும்புக்குப் போட்டோம்."

"அது என் வீட்டுல இருக்குங்க. ஓடுது" என்றார் அக்கா.

அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அன்று மாலையே, அலுவலகத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு வந்து, தம் கண்ணால் இரண்டு பட்டியல்களையும் பார்த்தார். "நாங்க இதைத் தூக்கிப் போட்டோமே" என்று நாலு முறை சொன்னார். பழைய சான்றிதழை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. முதலில் ஏற்றிய பட்டியலின்படி இந்த மாணவி கணக்கில் எண்பத்துநான்கு பெற்றுத் தேர்ச்சி அடைந்தவர், தவறு பள்ளியுடையது என்று முத்திரையிட்ட ஒரு கடிதம் கொடுத்தார். நெட்டையின் கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பள்ளிக்குப் பிறகு அவர் படித்த படிப்பெல்லாம் சொந்தமாகப் படித்தது என்று சொல்லி வேலையில் வைத்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் பதவியிலிருந்து மட்டும் இறக்கிவிட்டார்கள்.

அக்கா அந்தக் கடிதத்தை முதலில் காட்ட விரும்பியது அப்பாவிடம். அவர் இரண்டு தெரு தள்ளி, அக்காவின் அண்ணன் வீட்டில் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது, காது மந்தம், கண் நன்றாகத் தெரியும். அக்கா அறுத்த கண்ணாடிதான். கடிதத்தைப் படித்தார். படித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, நான் பாஸுப்பா. அன்னைக்கு அவங்க மட்டும் பேப்பரைக் காட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"நான் கேக்கப் போகலம்மா" என்றார் அப்பா.

அக்காவுக்குப் புரியவில்லை. அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துச் சத்தமாகத் திரும்பச் சொன்னார்.

"கேக்குதும்மா. நான் ஸ்கூலுக்கே போகல. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்துட்டு வந்துட்டேன். உன்னைக் கடைக்கு அனுப்புறேன்னு கண்ணாடிக் கடை முதலாளிகிட்ட ரிசல்ட்டுக்குப் பத்து நாள் முன்னாடியே சொல்லிட்டேன். உங்க அண்ணன் படிச்சிட்டிருந்தான். வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வேண்டியிருந்துச்சு. நீ பாஸாயிட்டா உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டே இருந்தேன். நீ ஃபெயிலுன்னு வந்ததும்..." அவர் கடிதத்தை அக்காவின் பக்கம் நீட்டினார். "எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அக்கா கடிதத்தை வாங்கிக்கொண்டார். அண்ணி ஏதோ சாப்பிடச் சொன்னது காதில் விழவில்லை. தெருவில் இறங்கியவருக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, கடைக்கு வரவும் பிடிக்கவில்லை. கால் அதன்போக்கில் போய் நெட்டையின் கல்லூரி வாசலில் நின்றது. காவலாளியிடம் சொல்லியனுப்பினார். நெட்டை விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு வகுப்பிலிருந்து பாதியில் ஓடி வந்தார்.

"என்னடி ஆச்சு? யாருக்கு என்ன?"

அக்கா சொன்னார். நெட்டை வாயில் கையை வைத்துக்கொண்டார், உதடெல்லாம் வெள்ளையானது.

"அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். சின்ன வயதில் நெட்டையும் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இருவரும் அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடித்து மாணவிகள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யார் யாரை மன்னித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. "அழுதுட்டு டீ குடிச்சோம்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

அப்பாவைப் பார்க்க ஞாயிறுதோறும் போகிறவர், ஒரு மாதம் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு போனார். என்ன பேசினீர்கள் என்றேன். "கண்ணாடி ஸ்க்ரூ லூசாயிருந்துச்சு, முடுக்கிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். இப்போது சரக்குக் கணக்கு எடுக்கும் நாளில் சீட்டுகளை என் பக்கம் தள்ளுவதில்லை. நான் கூட்டியதில் தவறு கண்டுபிடித்துச் சன்னல் வழியாகத் திருப்பி அனுப்புகிறார். நெட்டையோடு பேசுகிறார், முன்பு பேசியதில் பாதிதான் பேசுகிறார், ஆனால் பேசுகிறார்.

பட்டியலில் அக்காவுக்குக் கீழே இருந்தவர்களை இருவருமாகச் சேர்ந்து தேடினார்கள். நாலு பேர்தான் கிடைத்தார்கள். அதில் ஒருவர் இருபத்தெட்டாம் எண். இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அந்த வருடம் கிடைத்தது அவருக்கு அடுத்தவரின் ஐம்பத்தெட்டு. பாஸ் பண்ணியதற்காக அவர் வீட்டில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்களாம். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா தாளைக் காட்டி விளக்கிச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் கையிலிருந்த டயர் கழற்றும் லீவரைக் கீழே போட்டுவிட்டார்.

"அப்போ அந்த இருபத்திரண்டு என்னோடதா?"

"ஆமா."

அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார். "நான் இன்னும் ஒரு பதிமூணு மார்க் எடுத்துத் தொலைச்சிருந்தா நீ பாஸாயிருப்ப."